வலது பட்டன் கோணல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை. தலைமை டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் ஆப்பரேட்டர்தான். தரைத்தளத்தில், மருந்து கவுன்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேஜை, டெலிபோன் போர்டு, கடகடவென்று ஓடும் மின்விசிறி, ஒரு கை உடைந்த நாற்காலி. அவருக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் ஜன்னல் கேட்டு மனுப் போட்டுப் போட்டே ஓய்ந்து போனார்களாம். இவர் ஒரு மனுவும் போடவில்லை. நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. காற்றுக்கு மின்விசிறி இருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டார்.

எழுநூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷன் எண்களும் அவர் தலைக்குள் இருந்தன. மனப்பாடம் பண்ண முடியாதது ஒன்றே ஒன்று, டியூட்டி டாக்டர்களின் கைபேசி. காலையில் வேலைக்கு வரும் ஒவ்வொரு டாக்டருக்கும் ஆபீசில் ஆஸ்பத்திரியின் கைபேசி ஒன்றைக் கொடுப்பார்கள். அலமாரியில் கைக்கு எது கிடைக்கிறதோ அது. நேற்று எலும்பு டாக்டரிடம் இருந்த எண் இன்று குழந்தை டாக்டரிடம் இருக்கும். இந்தக் கோமாளித்தனத்தை மாற்றுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் அவரே ஒரு வழி செய்துகொண்டார். எட்டு மணிக்கு ஆபீஸ் அம்மாள் பட்டியலைப் படிப்பாள். இவர் உள்ளங்கை அளவு வாய்ஸ் ரெக்கார்டரில் பிரிவுக்கு ஒரு பதிவாக, தினமும் ஒரே வரிசையில், எண்ணை மட்டும் பதிந்துகொள்வார். பொது மருத்துவம், அறுவை, எலும்பு, குழந்தைகள், தோல் என்று பதினாலு பிரிவு. வார்டிலிருந்து அழைப்பு வந்தால் இடது கட்டைவிரல் ரெக்கார்டரின் வலது பட்டனை வேண்டிய தடவை தட்டும். ஒரு காதில் எண் கேட்கும். வலது கை அதைப் போர்டில் அழுத்தும். எல்லாம் நாலே விநாடி.

இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் அழைப்பைக்கூட அவர் தவறான ஆளுக்குப் போட்டதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும். ஏறட்டுமே. அப்படிச் சொல்லிக்கொள்ள உங்களுக்கும் எனக்கும் என்ன இருக்கிறது?

ஒன்பது வருஷம் உழைத்த ரெக்கார்டர் ஒருநாள் மூச்சை நிறுத்திக்கொண்டது. அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் மனைவியோடு போய்ப் புதிதாக ஒன்று வாங்கினார். கடையில் கூட்டம். கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமலே பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கையில் எடுத்த அரை நிமிஷத்தில் ஆப்பரேட்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

வலது பட்டன் கோணலாக உட்கார்ந்திருந்தது. இடது ஓரம் மட்டமாக இருக்க, வலது ஓரம் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் அழுத்தினால் ஒழுங்காக ஓர் எட்டு, அதாவது ஒரு பதிவு, நகரும். தூக்கின ஓரத்தில் விரல் பட்டால் சில சமயம் ஒரே தட்டில் இரண்டு எட்டுத் தாவும். போதாததற்கு, மேல் மூடியும் கீழ் மூடியும் சேருகிற இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஓர் இடைவெளி. இதைச் செய்தவன் பார்த்திருப்பான், பெட்டியில் வைத்தவன் பார்த்திருப்பான், சரிபார்த்து முத்திரை ஒட்டினவனும் பார்த்திருப்பான். அத்தனை கண்ணும் பார்த்துத்தான் இது கடைக்கு வந்திருக்கிறது.

மனைவி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அவள் தையல்காரி. நர்சுகளின் சீருடை முழுக்க அவள் தைப்பதுதான். காலர் ஒரு நூல் இழுத்தால் மொத்தத்தையும் பிரித்துப்போட்டுத் திரும்பத் தைப்பாள். ஆனால் அன்று கைவேலை நிறைய இருந்தது. கடைக்கு இன்னொரு நடை நடக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. ஆப்பரேட்டர் எதையும் திருப்பிக் கொடுக்கிறவர் என்று சொந்தத்தில் பெயர் வாங்கியிருந்தார். குக்கர் மூடியின் கைப்பிடி ஆடுகிறது என்று திருப்பினார். குடைக் கம்பியில் பிசிறு இருக்கிறது என்று திருப்பினார். செருப்பில் ஒன்று மற்றதைவிடக் கனம் என்று திருப்பினார். மைத்துனர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் ஆன புதிதில் எங்கள் அக்காவையும் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆறு மாதம் கழித்து அந்தக் குக்கர் மூடிகளை, கைப்பிடி கழன்று வருகிறது என்று கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. அதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"கை பழகிடும்ங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்," என்றாள் மனைவி.

அனுசரிப்பதாம். கோணலாகச் செய்தவன் கால் நீட்டித் தூங்குகிறான், வாங்கினவன் விரலை வளைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆப்பரேட்டர் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டார். திருப்புகிறவர் என்ற பெயர் அவருக்கே அலுத்துப் போயிருந்தது. பட்டனின் இடது பாதியில் மட்டும் விரல் வைப்பது என்று முடிவு செய்தார். பதினோரு நாள் அப்படியே ஓட்டினார். கட்டைவிரலின் அடிப்பக்கம் வலித்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், குழந்தைகள் வார்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு குழந்தைக்கு வலிப்பு, டியூட்டி டாக்டர் உடனே வேண்டும் என்று நர்ஸ் படபடத்தாள். படபடப்பு இவரையும் தொற்றிக்கொண்டிருக்க வேண்டும். கட்டைவிரல் ஓர் அரை நெல் நகர்ந்தது. பட்டன் இரண்டு எட்டுத் தாவியது. காதில் கேட்ட எண்ணை அழுத்தினார். எடுத்தவர் தோல் டாக்டர். அவருக்குப் புரிந்து, நர்சுக்குப் புரிந்து, அழைப்பு திரும்பி வந்து, குழந்தை டாக்டர் கிடைப்பதற்கு இரண்டரை நிமிஷம் ஆகிவிட்டது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லைன் வெட்டுவதற்கு முன்னால் அந்த நர்ஸ் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது.

"கண்ணு தெரியாதவரை போர்டுல உட்கார வச்சா இப்படித்தான் இருக்கும்."

அவள் போட்டிருந்த சீருடை இவர் வீட்டில் தைத்ததாக இருக்கும். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மனிதர் அன்பாகப் பேசினார். இத்தனை வருஷம் உழைத்தாயிற்று, சிரமப்பட வேண்டாம், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஏதாவது சுலபமான இடத்தில் உட்கார வைக்கிறோம், போர்டை மெஷினே பார்த்துக்கொள்ளும் என்றார். தப்பு என் விரலில் இல்லை, பட்டனில் இருக்கிறது என்று ஆப்பரேட்டர் ரெக்கார்டரை நீட்டினார். அதிகாரி அதை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆப்பரேட்டர் தன் அறைக்குத் திரும்பினார். கம்பெனி மேல் எரிச்சல், கடைக்காரர் மேல் எரிச்சல், எல்லாவற்றையும்விடத் தன் மேல் எரிச்சல். முதல் நாளே விரல் சொல்லிவிட்டது. ஊர் என்ன சொல்லுமோ என்று பார்த்ததில் இருபத்திரண்டு வருஷம் ஒரு பட்டனில் போயிற்று.

அன்று சாயங்காலமே மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் மரியாதையான ஆள், பேச்சில் தேன் ஒழுகும். ஆனால் அந்தத் தேன் முழுவதும் மனைவியின் பக்கமே ஒழுகியது.

"சாருக்கு என்ன பிரச்சினையாம்?" என்று அவளைக் கேட்டார்.

சார் அரை முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கண்தான் இல்லையே தவிர காது ஊருக்கே இரவல் கொடுக்கிற அளவுக்கு இருந்தது. இப்படி எத்தனையோ கடையில், எத்தனையோ கவுன்டரில், அவரை ஒரு மூட்டை மாதிரி ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசியிருக்கிறார்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு பட்டனையும் இடைவெளியையும் விளக்கினார். கடைக்காரர் முதலில் அது அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு எல்லாமே அப்படித்தான் வருகிறது என்றார். இவர் அசையவில்லை என்று தெரிந்ததும், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம், இரண்டு வாரம் ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு வாரமும் ஆப்பரேட்டர் எண்களை, தடவிப் படிக்கும் பிரெய்லில் குத்தி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். ஒரு அழைப்புக்கு ஒன்பது விநாடி ஆயிற்று. வார்டுகள் முணுமுணுத்தன. ஆனால் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

கடைசியில், புதுசு வந்துவிட்டது என்று கடைக்காரர் போன் செய்ததாக மனைவி சொன்னாள். அவளே போய் வாங்கி வந்தாள். சீல் வைத்த புதுப் பெட்டி. ஆப்பரேட்டர் அன்று காப்பியை ஆறவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். கையில் எடுத்ததும் சுத்தம் செய்கிற ஸ்பிரிட்டின் வாசனை அடித்தது. வலது பட்டனைத் தொட்டார். கோணல். ஓரத்தைத் தடவினார். இடைவெளி. சரி, இந்தக் கம்பெனியில் எல்லாமே இந்த லட்சணம்தான் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். அவ்வளவு சீக்கிரம் மனிதர்களைச் சந்தேகப்படுகிறவர் இல்லை அவர்.

பேட்டரி மூடியைத் திறந்தபோதுதான் கை அப்படியே நின்றது. தன்னுடைய எந்தப் பொருளிலும் அவர் ஊசியால் மூன்று புள்ளி குத்தி வைப்பார். மறைவான இடத்தில், முக்கோணமாக. சாப்பாட்டு டப்பாவின் அடியில், குடைக் கைப்பிடியின் உள்ளே, எல்லாவற்றிலும். பார்வையற்றோர் பள்ளி விடுதியில் நாற்பது பையன்களின் நாற்பது தட்டு ஒரே மாதிரி இருந்தபோது பழகியது அது. அந்த மூன்று புள்ளியும் பேட்டரி மூடியின் உள்பக்கத்தில், வாங்கின அன்று அவர் குத்திய அதே இடத்தில் இருந்தன.

பழையதையே துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊரில் கண் இருக்கிறவன் கண்ணில் மண்ணைத் தூவுவார்கள். இவருக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"இது பழசு," என்றார். "அதே பழசு. என்னோட புள்ளி உள்ளே இருக்கு."

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதும் நின்றது. அப்படியா, அந்த ஆள் ஏமாற்றிவிட்டாரா என்று மனைவி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சொன்னாள். கடைக்காரர் போன் செய்தபோது எல்லாம் சொல்லிவிட்டாராம். பரிசோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை என்று கம்பெனி எழுதி அனுப்பிவிட்டதாம். சாருக்கு மனசில்தான் குறை, புதுப் பெட்டியில் போட்டுத் தருகிறேன், திருப்தி ஆகிவிடுவார் என்றாராம். நீங்களும் பார்த்தீர்களே, உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா என்றும் கேட்டாராம். ஒன்றும் தெரியவில்லை, அப்படியே செய்யுங்கள் என்று இவள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு முடியலைங்க," என்றாள். "ஒவ்வொரு கடையிலயும் நின்னு நின்னு எனக்கு மானம் போகுது."

இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. நிறம் பொருத்தமான சட்டையா என்று தினமும் உன்னைத்தான் கேட்கிறேன், நீ சொன்னால் அது சரி என்று போட்டுக்கொண்டு போகிறேன், ஒரு நாளாவது இன்னொருவரிடம் விசாரித்திருக்கிறேனா என்று கேட்டார்.

"ஒரு நூல் கோணினா காலரையே பிரிச்சுப் போடறவ நீ. என் விரல் சொன்னதை நம்பறதுக்கு உனக்கு ஒரு கம்பெனிக் கடுதாசி வேணுமா?"

மெஷின் பிறகு ஓடவே இல்லை. அவள் அழுதிருக்கலாம். அவர் காது கொடுக்கவில்லை, கொடுக்க விரும்பவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பிக் கொடுப்பதா, விடுவதா என்று அவர் காலை முழுவதும் யோசித்தார். விட்டுவிடுவது சுலபம். பிரெய்ல் குத்திக்கொண்டே காலம் தள்ளலாம். வேறு கடையில் வேறு ஒன்று வாங்கலாம் என்று மனைவியும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். திரும்பப் போனால் கடைக்காரர் எல்லோருக்கும் முன்னால் தன்னை இழுத்துவிடுவார் என்ற பயம் அவளுக்கு. பயம் நியாயம்தான் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனால் இப்போது போகாமல் இருந்தால், அந்த நர்ஸ் சொன்னது சரி, அந்த அதிகாரி சொன்னது சரி, இனி அவர் விரல் என்ன சொன்னாலும் அது கண் தெரியாதவரின் மனக்குறை என்று ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷ வேலையும் அந்த விரலை நம்பித்தான் நடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார். நீ வர வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்றார். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் வந்து முழங்கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கடைக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம். சாருக்குத் திருப்தியா?"

ஆப்பரேட்டர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். "என்கிட்ட பேசுங்க," என்றார். பழையதையே கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, பேட்டரி மூடியைத் திறந்து மூன்று புள்ளியைக் காட்டினார். கடைக்காரர் கொஞ்சம் தடுமாறினாலும் அசரவில்லை. கம்பெனியே குறை இல்லை என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும் என்று வழவழவென்று ஆரம்பித்தார். வேண்டுமானால் பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள் என்றார், அதையும் மனைவியிடமே சொன்னார். பணம் வேண்டாம் என்றார் ஆப்பரேட்டர். உங்கள் கட்டைவிரலை இந்தப் பட்டனில் வையுங்கள், கோணல் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன் என்றார்.

எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று கடைக்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். தேன் வற்றிவிட்டது.

"நான் எதுக்கு சார் தொடணும்? உங்க வீட்டம்மாவே பார்த்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு அவங்களே சொன்னாங்க. கேளுங்க."

ஆப்பரேட்டர் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு எந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு போவது என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

மேஜைமேல் இருந்த ரெக்கார்டரை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. நகம் பிளாஸ்டிக்கில் உரசியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. பட்டன் சொடுக்கியது. தையல்காரி அவசரப்படவில்லை.

"நான் அன்னைக்கு விளக்குல பார்த்தேன். தொடலை," என்றாள் கடைக்காரரிடம். கடைசி வரிசையில் நின்றவருக்கும் கேட்டது. "தொடாமலே உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அது என் தப்பு. இது கோணல். இந்த ஓரம் தூக்கிட்டு நிக்குது. இப்ப நீங்க தொடுங்க."

கடைக்காரர் தொடவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். வேறொரு பெட்டியோடு வந்தார். இது நேற்று வந்த சரக்கு, சீல் உடைக்காதது, எடுத்துக்கொண்டு போங்கள், ஆளை விடுங்கள் என்று அவள் பக்கமாகத் தள்ளினார்.

அவள் அதைப் பையில் போடவில்லை. அங்கேயே சீலைக் கிழித்தாள். ரெக்கார்டரை எடுத்துப் பட்டன் பட்டனாகக் கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு, துணியின் மடிப்பில் ஓட்டுவது போல, மூடிகள் சேரும் ஓரத்தில் நகத்தை நாலு பக்கமும் ஓட்டினாள். மூன்றாவது பக்கத்தில் நகம் நின்றது. பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"பட்டன் சரியா இருக்கு. ஓரத்துல நகம் மாட்டுது," என்று பெட்டியைத் திரும்பத் தள்ளினாள். "வேற எடுங்க."

அதைத் தொட்டுப் பார்க்க ஆப்பரேட்டர் இன்னும் கையை நீட்டியிருக்கவே இல்லை.